சாம்பிள் டிரம்ஸில் தேவையற்ற ரிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரம் சாம்பிள்களை (முன்பே பதிவான டிரம் அடிகளை) வைத்து வீட்டிலேயே மிக்ஸ் செய்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. ஸ்னேர் (கீழ்த்தோலில் கம்பிகள் பூட்டிய டிரம்) அடி விழுந்து முடிந்துவிடும். அதன் பின்னால் ஒரு சுரம் மட்டும் அடங்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். பாட்டு முழுக்க, ஒவ்வொரு அடியிலும் அதே சுரம். இதைத்தான் ரிங் என்கிறோம். இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிங் என்றதும் பெரும்பாலானோர் இக்யூவைத்தான் (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியை) திறக்கிறார்கள். ஆனால் காதை உறுத்துவது அந்தச் சுரம் இருப்பது அல்ல, அது நீடிப்பது. ஆகவே நேரத்தைக் குறைக்கும் வழிகளை முதலில் பாருங்கள். அதிர்வெண்ணை வெட்டுவது அதற்கு அடுத்த வேலை.

ரிங் எங்கிருந்து வருகிறது?

டிரம்மின் தோல் ஒரே ஒரு அதிர்வெண்ணில் அதிர்வதில்லை. அடிப்படை அதிர்வுக்கு மேலே பல அதிர்வுகள் சேர்ந்து வரும். ஒரே சீரான வட்டத் தோலுக்கு இவற்றின் விகிதம் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று போகும். கம்பி வாத்தியத்தில் வருவது போல 1, 2, 3 என்று முழு எண்களில் அமையாது. 190 ஹெர்ட்ஸில் அதிரும் ஸ்னேர் என்றால் கணக்குப்படி 302, 407, 437 ஹெர்ட்ஸ் பக்கம் மேல் அதிர்வுகள் இருக்கும். உள்ளே அடைபட்ட காற்றும் கீழ்த்தோலும் இந்த எண்களைக் கொஞ்சம் நகர்த்தும். இவற்றில் ஒன்று மற்றவற்றைவிட மெதுவாக அடங்கினால், அதுதான் நம் காதில் ரிங்காக விழுகிறது.

சர் சி. வி. ராமன் இந்த விஷயத்தை நம் மிருதங்கத்தை வைத்து ஆராய்ந்தவர். வலந்தலையில் இடும் கருப்புக் கரணை அந்த மேல் அதிர்வுகளை இழுத்து, ஏறத்தாழ முழு எண் விகிதத்தில் உட்கார வைக்கிறது என்று 1920-லும் 1934-லும் வெளிவந்த கட்டுரைகளில் விளக்கினார். அதனால்தான் மிருதங்கத்தின் நீண்ட நாதம் சுருதியோடு சேர்கிறது. ஸ்னேருக்கும் டாமுக்கும் (ஸ்னேர் கம்பி இல்லாத டிரம்) கரணை கிடையாது. அவற்றின் நாதம் நீண்டால் பாட்டோடு சேராமல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

பெரிய ஸ்டுடியோவில் பதிவான சாம்பிளிலும் ரிங் ஏன் இருக்கிறது?

வேண்டுமென்றே விட்டுவைத்திருப்பார்கள். இருக்கிற ரிங்கைப் பிறகு குறைக்கலாம், இல்லாததைச் சேர்க்க முடியாது. அலுமினிய ஓடு கொண்ட லட்விக் சூப்ராஃபோனிக் போன்ற ஸ்னேர்களுக்கு அந்தத் திறந்த ஒலியே அடையாளம். சாம்பிள் தொகுப்பு செய்பவர்கள் அதை மூடிவிட்டால் வாங்குகிறவர் ஏமாந்துபோவார்.

நேரில் பதிவு செய்யும்போது டிரம்மர் தோல் மேல் ஒரு துண்டு மூன்ஜெல் (அதிர்வை அடக்கும் ஒட்டும் ஜெல்) ஒட்டுவார், இல்லையென்றால் டேப்பை மடித்து ஒட்டுவார். 1960-களின் பிற்பகுதியில் பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் தன் டிரம்கள் மேல் சமையலறைத் துண்டுகளையே விரித்து வாசித்தார். சாம்பிளில் அந்த வேலையை அந்தப் பாட்டுக்கு ஏற்றபடி யாரும் நமக்காகச் செய்து வைக்கவில்லை. மிக்ஸில் நாம் செய்ய வேண்டியது அதைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. நேரில் வாசிப்பவரின் குச்சி ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளி விழும். நடுவில் விழுந்தால் ரிங் குறைவு, ஓரத்தில் விழுந்தால் அதிகம். அடிக்கு அடி மாறுவதால் காது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப ஒலிக்கும்போது ரிங்கும் அச்சு மாறாமல் திரும்ப வரும். மூன்றாவது வரியிலேயே காது அதைப் பிடித்துவிடும், அப்புறம் விடாது.

எந்த அதிர்வெண் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இக்யூவில் குறுகிய பட்டையை 12 டெசிபல் ஏற்றி இடமும் வலமும் நகர்த்தித் தேடும் முறையைத்தான் பலரும் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அப்படி ஏற்றினால் எந்த இடமும் ரிங் அடிக்கிற மாதிரிதான் கேட்கும். குற்றமில்லாத ஐந்து இடங்களை வெட்டி ஸ்னேரை அட்டைப்பெட்டி ஆக்கிவிடுவோம்.

நான் சொல்லும் வழி இது. ஒரே ஒரு பலமான அடியைத் தனியாக எடுத்து லூப்பில் ஓட விடுங்கள். அலைவடிவத்தில் முதல் 100 மில்லி செகண்டை வெட்டிவிட்டு, வாலை மட்டும் கேளுங்கள். குச்சி பட்ட சத்தம் போய்விட்டதால் மிச்சம் இருப்பது பெரும்பாலும் ரிங்தான். இப்போது ஸ்பெக்ட்ரம் அனலைசரை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் கருவியை) திறந்து அதன் எஃப்எஃப்டி அளவை, அதாவது ஒரே தடவையில் அது அலசும் துண்டின் நீளத்தை, 8192 ஆக்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் புராஜெக்டில் அது சுமார் 6 ஹெர்ட்ஸ் துல்லியம் தரும். இரண்டோ மூன்றோ கூர்மையான முகடுகள் எழுந்து நிற்கும். அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருவியே வேண்டாம் என்றால் வாலைக் கேட்டபடி அந்தச் சுரத்தை முனகிப் பார்த்து, கீபோர்டில் எந்தக் கட்டை என்று தேடுங்கள். 392 ஹெர்ட்ஸ் என்பது ஜி, அதாவது ஐந்து கட்டையின் சுரம். 440 என்பது ஏ, ஆறு கட்டை. பாடிப் பழகிய காதுக்கு இது அனலைசரைவிட வேகமான வழி.

முதலில் எங்கே கை வைப்பது?

சாம்ப்ளருக்குள், அதாவது சாம்பிளை ஒலிக்கவைக்கும் மென்பொருளுக்குள். மிக்ஸர் ட்ராக்குக்குப் போவதற்கு முன்பே முக்கால்வாசி வேலையை அங்கே முடித்துவிடலாம்.

சாம்ப்ளரின் வால்யூம் என்வலப்பில் (நேரம் போகப் போகச் சத்தம் எப்படி மாற வேண்டும் என்ற அமைப்பில்) 60 முதல் 80 மில்லி செகண்ட் ஹோல்டு (சத்தம் குறையாமல் நிற்கும் நேரம்) வைத்து, அதன் பிறகு 150 முதல் 250 மில்லி செகண்டில் சத்தம் இறங்கும்படி டிக்கேயை அமையுங்கள். வளைவை நேர்கோடாக வைக்காமல் எக்ஸ்பொனென்ஷியலாக வைத்தால் டிரம் தானாக அடங்குவது போலவே கேட்கும். தோலில் மூன்ஜெல் ஒட்டுவதற்கு மிக நெருக்கமான பலன் இதுதான். அடியின் நிறம் மாறாது, வால் மட்டும் குறுகும்.

டெம்போவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 தட்டு) பதினாறாம் பாகக் குறிப்புகளுக்கு இடையே 125 மில்லி செகண்ட்தான் இருக்கிறது. சாம்பிளின் வால் 600 மில்லி செகண்ட் என்றால், ஒரு ரோலில் நான்கைந்து அடிகளின் ரிங் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நிஜ ஸ்னேரில் இது நடக்காது. அடுத்த அடி விழும்போது அது அதே தோலைத்தானே அசைக்கிறது, பழைய அதிர்வு அதில் கலைந்துவிடும். ஆகவே அந்த ஸ்னேருக்கு மட்டும் பாலிஃபனியை (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய அடிகளின் எண்ணிக்கையை) இரண்டாகக் குறையுங்கள். ஒன்றாகவும் வைக்கலாம், ஆனால் வெட்டுப்படும் அடிக்கு 5 முதல் 10 மில்லி செகண்ட் ஃபேட் இல்லாவிட்டால் டிக் என்று சத்தம் வரும்.

பெரிய டிரம் தொகுப்புகளில் ஒவ்வொரு டிரம்முக்கும் தனி என்வலப் இருக்கும், சிலவற்றில் டாம்பிங் குமிழும் இருக்கும். நடு அடி, ஓர அடி, ரிம்ஷாட் என்று ஆர்ட்டிகுலேஷன்கள் பிரிந்திருந்தால் மிடியில் (எந்த அடி எப்போது, எவ்வளவு பலமாக என்று சொல்லும் குறிப்பில்) நடு அடிக்கு மாறிப் பாருங்கள். சில சமயம் அந்த ஒரு மாற்றமே போதும். வெலாசிட்டியையும் (அடியின் பலத்தைக் குறிக்கும் எண்ணையும்) கவனியுங்கள். எல்லா அடியும் 127-ல் இருந்தால், அந்த ஒரே லேயரின் (அந்தப் பலத்துக்கான பதிவின்) ரிங்தான் பாட்டு முழுக்க வரும். 105-க்கும் 120-க்கும் இடையே கலைத்துவிட்டால் லேயரும் ரவுண்ட் ராபினும் (ஒரே பலத்துக்கு மாறி மாறி வரும் வேறு வேறு பதிவுகளும்) மாறும், ரிங்கும் மாறும்.

இக்யூவில் எவ்வளவு வெட்டலாம், எவ்வளவு குறுகலாக?

க்யூ (இந்த எண் கூடக் கூட வெட்டு குறுகும்) 8 முதல் 12 வரை, வெட்டு 4 முதல் 8 டெசிபல் வரை. இரண்டு இடங்களுக்கு மேல் வெட்டத் தேவைப்பட்டால் சாம்பிளைச் சந்தேகியுங்கள்.

420 ஹெர்ட்ஸில் க்யூ 10 என்றால் வெட்டின் அகலம் 42 ஹெர்ட்ஸ். சாதாரணமாக அது போதும். க்யூவை 40-க்குக் கொண்டுபோனால் அகலம் 10 ஹெர்ட்ஸாகச் சுருங்கிவிடும். அப்போது இரண்டு விஷயங்கள் நடக்கும். இவ்வளவு குறுகிய வெட்டு நிலைக்கு வரவே ஏறத்தாழ 30 மில்லி செகண்ட் பிடிக்கும். அதனால் அடியின் முனை வெட்டுப்படாமல் தப்பிவிடும். இது நமக்கு நல்லதுதான். ஆனால் பலமாக அடித்த தோல் இழுபட்டு, சுரம் சற்று மேலே தொடங்கிக் கீழே இறங்கும். வெலாசிட்டி லேயருக்கு லேயர் ரிங் சில ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். 10 ஹெர்ட்ஸ் அகல வெட்டு பாதி அடிகளில் குறி தவறிவிடும்.

ஸ்னேரின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 150 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அதை ரிங் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். ஸ்னேரின் உடம்பே அதுதான். தொல்லை தருவது வழக்கமாக அதற்கு மேலே, 350 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரைக்குள் இருக்கும்.

வெட்டினால் ரிங் போகிறது, கூடவே அடியின் அழுத்தமும் போகிறதே?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. சாதாரண இக்யூ அடியையும் வாலையும் சேர்த்தே வெட்டுகிறது. நமக்கு வாலில் மட்டும் வெட்ட வேண்டும்.

டைனமிக் இக்யூ இருந்தால் முடியும். டிடிஆர் நோவா இலவசமாகவே கிடைக்கிறது. ஃபேப்ஃபில்டர் ப்ரோ-க்யூவிலும் மூன்றாம் பதிப்பு முதல் இந்த வசதி உண்டு. ஆனால் வழக்கமான அமைப்பில் டைனமிக் இக்யூ சத்தம் அதிகமாகும்போது வெட்டும். டிரம்மில் சத்தம் அதிகம் இருப்பது அடியின் முதல் கணத்தில்தான். அதாவது காப்பாற்ற வேண்டியதை வெட்டிவிட்டு, வெட்ட வேண்டியதை விட்டுவிடும்.

அட்டாக் நேரத்தை (வெட்டு விழ எடுத்துக்கொள்ளும் நேரத்தை) மாற்ற முடிகிற டைனமிக் இக்யூவில் அதை 25 முதல் 40 மில்லி செகண்டுக்கு நீட்டுங்கள். அடியின் முனை அதற்குள் கடந்துபோய்விடும். த்ரெஷோல்டை (வெட்டத் தொடங்கும் சத்த அளவை) நன்றாக இறக்குங்கள், வாலின் அளவுக்குக் கீழே போக வேண்டும். ரிலீஸை (வெட்டு விலக எடுத்துக்கொள்ளும் நேரத்தை) 150 மில்லி செகண்டுக்கு மேல் வையுங்கள், இல்லாவிட்டால் வெட்டு பாதியில் விட்டுப்போய் ரிங் மறுபடி தலைதூக்கும். இந்த மூன்றையும் சேர்த்து அமைத்தால்தான் பலன் தெரியும்.

மல்டிபேண்ட் எக்ஸ்பாண்டர் இருந்தால் இன்னும் சுத்தம். 350 முதல் 700 ஹெர்ட்ஸ் பட்டையை மட்டும் எடுத்து, சத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கும்போது மேலும் இறக்கும்படி வைக்கலாம். அடி அப்படியே கடக்கும், வால் மட்டும் வேகமாக அடங்கும்.

டிரான்சியன்ட் டிசைனர் வகைப் பிளக்-இன்கள் எல்லா அதிர்வெண்ணுக்கும் சேர்த்து வாலைக் குறைப்பவை. சஸ்டெயின் குமிழை இடப்பக்கம் திருப்பினால் போதும். வேகமான வழிதான், ஆனால் ஸ்னேர் கம்பிகளின் சரசரப்பும் சேர்ந்து குறையும். சாம்ப்ளரில் என்வலப்பைத் தொட முடியாதபோது, உதாரணமாக யாரோ ஆடியோவாக அனுப்பிய டிரம் ட்ராக்கில், இது கைகொடுக்கும்.

கேட் போட்டால் மெல்லிய அடிகள் காணாமல் போகின்றன. என்ன செய்ய?

கேட் என்பது சத்தம் த்ரெஷோல்டைத் தாண்டினால் மட்டும் திறக்கும் கருவி. கோஸ்ட் நோட்டுகள், அதாவது மெல்லிய அடிகள், த்ரெஷோல்டுக்குக் கீழே இருப்பதால் கேட் அவற்றுக்குத் திறப்பதில்லை. நேரடிப் பதிவில் இது பெரிய தலைவலி. சாம்பிளில் நமக்கு ஒரு வரம் இருக்கிறது: மிடி.

அதே மிடியை இன்னொரு ட்ராக்கில் நகல் எடுத்து, அங்கே மிகக் குறுகிய கிளிக் சத்தம் ஒன்றை வையுங்கள். எல்லா வெலாசிட்டியையும் 127 ஆக்குங்கள். அந்த ட்ராக் மாஸ்டருக்குப் போகக் கூடாது. கேட்டின் சைட்செயினுக்கு (எப்போது திறக்க வேண்டும் என்று கேட்டுக்குச் சொல்லும் உள்ளீட்டுக்கு) மட்டும் போகட்டும். கிளிக்கை 5 மில்லி செகண்ட் முன்னால் நகர்த்திவிட்டால் அடி வருவதற்குள் கேட் திறந்திருக்கும். மெல்லிய அடி, பலமான அடி எல்லாவற்றுக்கும் கேட் ஒரே மாதிரி திறக்கும், ஒரே மாதிரி மூடும்.

கேட்டை முழுதாக மூட விடாதீர்கள். ரேஞ்சை (மூடும்போது சத்தம் எவ்வளவு குறையும் என்பதை) 10 முதல் 15 டெசிபலில் நிறுத்துங்கள். ஹோல்டு 60, ரிலீஸ் 100 மில்லி செகண்டில் தொடங்கிப் பாருங்கள். முழுதாக மூடினால் ஒவ்வொரு அடிக்குப் பின்னும் ஒரு பள்ளம் கேட்கும்.

க்ளோஸ் மைக்கில் (டிரம்முக்கு அருகில் வைத்த மைக்கில்) எல்லாம் சரி. ஆனாலும் ரிங் கேட்கிறது!

ஓவர்ஹெட்டையும் (டிரம்களுக்கு மேலே வைத்த மைக்கையும்) ரூம் மைக்கையும் தனியாகக் கேளுங்கள். பல மைக் கொண்ட தொகுப்புகளில் ஸ்னேரின் ரிங் அங்கேயும் பதிவாகியிருக்கும். ரூம் சேனலை கம்ப்ரஸ் செய்திருந்தால் (பலத்த சத்தத்தை அமுக்கி மெல்லியதை உயர்த்தியிருந்தால்) நிச்சயம் இருக்கும். க்ளோஸ் மைக்கில் செய்த அதே வெட்டை ஓவர்ஹெட்டிலும் 3 டெசிபல் அளவுக்குச் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஓவர்ஹெட்டுக்குள் ஸ்னேர் எவ்வளவு கசிய வேண்டும் என்ற ப்ளீட் அளவைத் தொகுப்பிலேயே குறையுங்கள். நிறைய தொகுப்புகளில் இந்த வசதி இருக்கிறது, இலவசமான டிரம்கிஸ்மோவிலும் ப்ளீட் கட்டுப்பாடு உண்டு. என்வலப்பைச் சாம்ப்ளரிலேயே குறைப்பதிலும் இந்த நன்மை உண்டு: எல்லா மைக்கிலும் ஒரே நேரத்தில் அது நடக்கும்படி அமைக்கலாம்.

டாம்களின் ஒத்ததிர்வையும் பாருங்கள். ஸ்னேரை அடிக்கும்போது பக்கத்து டாம் தானாக முனகும். ரிங் ஸ்னேருடையது என்று நினைத்து ஸ்னேரை வெட்டிக்கொண்டே இருப்போம். டாம் சேனலை மியூட் செய்தால் போய்விடும்.

கம்ப்ரஸர் போட்டதும் ரிங் பெரிதாகிறதே?

ஆகத்தான் செய்யும். அடியை 8 டெசிபல் அமுக்கி, மேக்கப் கெயினில் 8 டெசிபல் ஏற்றினால் அடி பழைய இடத்திலேயே இருக்கும், கம்ப்ரஸர் விட்ட பிறகு வரும் வால் 8 டெசிபல் மேலே வந்துவிடும். ஆகவே ரிங்கைக் குறைக்கும் வேலை கம்ப்ரஸருக்கு முன்னால் நடக்க வேண்டும். சேச்சுரேஷனுக்கும் (ஒலியை லேசாகச் சிதைப்பது) ரிவர்புக்கும் (அறையின் எதிரொலி சேர்ப்பது) இதே விதிதான். ரிவர்புக்கு அனுப்பும் சிக்னலில் ரிங் இருந்தால், அரை செகண்ட் ரிங் இரண்டு செகண்ட் ரிங்காக நீளும். டிரம் பஸ்ஸின் (எல்லா டிரம்மும் சேரும் சேனலின்) பேரலல் கம்ப்ரஷனையும் (அமுக்கிய நகலை அசலோடு கலப்பதையும்) ஒருமுறை அணைத்துப் பாருங்கள்.

ரிங் பாட்டின் சுருதியோடு மோதுகிறது. டியூன் செய்யலாமா?

தாராளமாக. வெட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள் என்றுகூடச் சொல்வேன். பாட்டு ஒரு கட்டையில், அதாவது சி மேஜரில் இருக்கிறது, ரிங் 370 ஹெர்ட்ஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எஃப் ஷார்ப், பிரதி மத்யமம். ராகத்தில் சுத்த மத்யமம் வரும்போது ஒவ்வொரு ஸ்னேர் அடியும் அபஸ்வரமாக விழும். சாம்பிளை அரை ஸ்வரம் இறக்கினால் ரிங் 349 ஹெர்ட்ஸுக்கு, சுத்த மத்யமத்துக்கே போய்விடும். அரை ஸ்வரம் ஏற்றினால் 392, பஞ்சமம். பஞ்சமத்தில் நின்றால் அது பாட்டின் எந்த இடத்திலும் உறுத்துவது அரிது.

ஒன்று இரண்டு அரை ஸ்வரங்களுக்கு மேல் நகர்த்தினால் ஸ்னேரின் அளவே மாறியது போலக் கேட்கும். நகர்த்தும்போது நேரத்தை மாற்றாமல் சுரத்தை மட்டும் மாற்றும் முறையைத் தவிர்த்து, சாம்ப்ளரின் சாதாரண டியூனைப் பயன்படுத்துங்கள். நேர நீட்டிப்பு அல்காரிதம்கள் அடியின் முனையைக் குழப்பி, தகரத்தைத் தட்டுவது போன்ற புது ரிங் ஒன்றைச் சேர்த்துவிடும். டியூனை மாற்றிய பிறகு, ஏற்கெனவே போட்டிருந்த இக்யூ வெட்டுகளையும் அதே அளவு நகர்த்த மறக்காதீர்கள்.

இரண்டு ஸ்னேர் சாம்பிள்களை அடுக்கியபின் வால் அலையலையாக நடுங்குகிறது. ஏன்?

இரண்டின் ரிங்கும் அருகருகே இருக்கிறது. ஒன்று 410, மற்றொன்று 415 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 5 முறை சத்தம் ஏறி இறங்கும். ஒன்றை உடம்புக்கும் மற்றதை அடியின் முனைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முனைக்கு வைத்த சாம்பிளை 80 மில்லி செகண்டில் முடித்துவிடுங்கள்.

டாம், கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பற்றி?

ஃப்ளோர் டாமின் ரிங் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு செகண்டுக்கு மேலும் நிற்கும், பேஸ் கிடாரோடு மோதும். அங்கே வெட்டினால் டாமே போய்விடும். என்வலப்பைக் குறைப்பதுதான் வழி. ஃபில்லின் (பாட்டின் ஒரு பகுதி முடியும்போது வரும் டிரம் ஓட்டத்தின்) கடைசி டாம் அடியை மட்டும் நீளமாக விட்டுவிட்டு மற்றவற்றைக் குறுக்கினால், கிட் பெரிதாகவும் கேட்கும், சுத்தமாகவும் இருக்கும். கிக்கில் பந்து எகிறுவது போன்ற சத்தம் வந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை தேடுங்கள். 1966-ல் பீட்டில்ஸின் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக் ரிங்கோவின் கிக் டிரம்முக்குள் கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தது அந்த ஒலியை அடக்கத்தான். கிக்கில் நிலையான இக்யூ வெட்டே பெரும்பாலும் போதும்.

லீனியர் ஃபேஸ் இக்யூ நல்லதா?

லீனியர் ஃபேஸ் என்பது எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவு தாமதிக்கும் இக்யூ வகை. டிரம்மில் குறுகிய வெட்டுக்கு வேண்டாம். அது அடிக்கு முன்னாலேயே ஒரு மெல்லிய ரிங்கை உண்டாக்கும். அடியின் முனை மழுங்கும். சாதாரண மினிமம் ஃபேஸ் போதும்.

சூத் போன்ற பிளக்-இன்கள் தானாகவே ரிங்கைக் கண்டுபிடித்து அடக்குகின்றனவே?

அவை நன்றாக வேலை செய்யும். ஓவர்ஹெட்டில் அவற்றின் மதிப்பு அதிகம், ஏனென்றால் அங்கே எந்த ரிங் எப்போது தலைதூக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்னேர் சாம்பிளில் ரிங் எங்கே இருக்கிறது என்று நமக்கே தெரியும், எப்போதும் அதே இடம்தான். அங்கே இரண்டு வெட்டும் ஒரு என்வலப்பும் செய்வதற்கு மேல் அவை பெரிதாக எதுவும் செய்துவிடுவதில்லை. அளவு மீறினால் எல்லா டிரம்மும் ஒரே மாதிரி சப்பென்று ஆகிவிடும்.

எவ்வளவு குறைத்ததும் நிறுத்த வேண்டும்?

சோலோ பட்டனை அணைத்துவிட்டுத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். தனியாகக் கேட்கும்போது எரிச்சலூட்டும் ரிங், கிடாரும் கீபோர்டும் சேர்ந்ததும் மறைந்துவிடும். சில பாட்டுகளில் அந்த ரிங்தான் ஸ்னேரை நெரிசலுக்கு நடுவே மேலே தூக்கிக் காட்டும். முழு மிக்ஸில், பாட்டின் அடர்த்தி குறைவான இடத்தில், பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் கேளுங்கள். அங்கே உறுத்தவில்லை என்றால் போதும்.

ஃபோன் ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேளுங்கள். அதில் கீழ் அதிர்வெண்கள் பெரும்பாலும் வராது. ஸ்னேரின் உடம்பு போய், 400 முதல் 900 ஹெர்ட்ஸ் ரிங் மட்டும் அம்மணமாக நிற்கும். ஹெட்ஃபோனில் சரியாக இருந்தது அங்கே மணி அடிப்பது போலக் கேட்டால் இன்னும் 2 டெசிபல் இறக்குங்கள்.

எப்போது சாம்பிளையே மாற்றிவிடலாம்?

என்வலப்பைக் குறைத்து, டியூன் செய்து, இரண்டு வெட்டும் போட்ட பிறகும் ரிங் மட்டும்தான் காதில் நிற்கிறது என்றால் மாற்றிவிடுங்கள். எம்பி3-யாகச் சுருக்கப்பட்ட சாம்பிள், யாரோ ஏற்கெனவே கம்ப்ரஸரும் ரிவர்பும் ஏற்றி வைத்த சாம்பிள் இரண்டையும் திருத்த முயல வேண்டாம். ரிங் அவற்றில் மற்ற எல்லாவற்றோடும் கலந்துபோயிருக்கும். மாற்றும்போது மரப் பலகை ஓடு கொண்ட ஸ்னேரையோ, ஆழம் அதிகமான ஸ்னேரையோ தேடுங்கள். உலோக ஓட்டின் பளிச்சென்ற முனை பாட்டுக்குத் தேவைப்பட்டால், பழைய சாம்பிளின் முதல் 60 மில்லி செகண்டை மட்டும் வெட்டி எடுத்து புதியதன் மேல் மெல்லியதாக அடுக்கிக்கொள்ளலாம்.